பெட்டிக்கு எந்த மெட்டீரியல்? முதலில் அது எப்படிக் கெடும் என்று பாருங்கள்

கேள்வியின் சாரம் இது. வெளிச்சுவரில் மாட்டும் ஓர் அளவீட்டுக் கருவி. 400 × 250 மில்லிமீட்டர் பெட்டி. உள்ளே சர்க்யூட் போர்டும் ஒயர்லெஸ் ஆன்டெனாவும். பெட்டிக்குக் கீழே, கிடைமட்டமாக 300 மி.மீ. வெளியே நீளும் ஒரு கை. அதன் நுனியில் 2 கிலோ சென்சார். முதலில் 100 எண்ணிக்கை, பிறகு ஆண்டுக்கு 5,000. அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா, எது நல்லது?

டேட்டா ஷீட்டை (பொருளின் பண்புகளைப் பட்டியலிடும் தயாரிப்பாளர் தாளை) திறந்து, இழுவிசை வலிமை (இழுத்தால் அறுபடாமல் தாங்கும் அளவு) எதில் அதிகம் என்று பார்ப்பதுதான் பெரும்பாலோர் முதலில் செய்வது. ஆனால் இந்த மாதிரிக் கருவிகள் வலிமை போதாமல் உடைவது அரிது. கை வளைந்து தொங்கும். மூடி வெயிலில் வெளுத்து நொறுங்கும். ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விடும். திருகு துருவேறி இறுகிக்கொள்ளும். கேஸ்கெட் (மூடி இடுக்கை அடைக்கும் ரப்பர்) சப்பையாகி நீர் கசியும். இவற்றில் எதற்கும் இழுவிசை வலிமை எண் பதில் சொல்லாது. அதனால் எது சிறந்தது என்று தேடுவதைவிட எது ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் பிடிமானமான வழி. கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்றுக்குள் விலையையும் செய்முறையையும் வைத்து முடிவெடுக்கலாம்.

இதை முறைப்படுத்தியவர் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஆஷ்பி. ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு விஷயங்களை எழுதச் சொல்வார்: அதன் வேலை என்ன, எதை மீறவே கூடாது, எதைக் குறைக்கப் பார்க்கிறோம் (எடையா, விலையா), எதை மாற்றிக்கொள்ள நமக்குச் சுதந்திரம் இருக்கிறது (தடிமனா, வடிவமா). மொத்தக் கருவிக்கும் சேர்த்து ஒரே தாள் எழுதினால் பயனில்லை. பெட்டிக்கு ஒன்று, கைக்கு ஒன்று, கேஸ்கெட்டுக்கு ஒன்று, திருகுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள்.

பெட்டியின் தாளில் "உள்ளே ஆன்டெனா" என்று எழுதிய உடனேயே அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் வெளியே போய்விடுகின்றன. மூடிய உலோகப் பெட்டி ரேடியோ அலையை மறித்துவிடும். கார்பன் ஃபைபரும் அப்படித்தான். ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே வைத்தால் உலோகத்துக்கு மறுபடி இடம் உண்டு. ஆனால் நீர் புகக்கூடிய துளை ஒன்று கூடிவிடும். இந்த முடிவை மெக்கானிக்கல் ஆள் தனியாக எடுக்கக் கூடாது. சர்க்யூட் செய்பவரோடு முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

"சூடு வெளியேற உலோகம்தானே வேண்டும்?" என்ற கேள்வி அடுத்து வரும். 6061 அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 167 வாட்/மீ.கெல்வின், டை காஸ்ட் அலுமினியம் 100க்குச் சற்றுக் கீழே, சாதாரண ஸ்டீல் 50, 304 ஸ்டெயின்லெஸ் வெறும் 16, பிளாஸ்டிக் 0.2. வரிசையைப் பார்த்தால் பிளாஸ்டிக் படுதோல்வி. ஆனால் காற்றோட்டம் குறைவான வெளிச்சுவரில் பெட்டிப் பரப்பிலிருந்து காற்றுக்குச் சூடு போவதே பெரிய தடை. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் அந்தத் தடை சுமார் 0.1, 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சுவரின் தடை 0.0125 மட்டுமே. சுவரை உலோகமாக்கினால் மிச்சமாவது இந்தச் சின்னப் பங்குதான். உண்மையான சிக்கல் ஒரே ஒரு சிப் சூடாகி அந்தச் சூடு பரவாமல் நிற்பது. அதற்கு உள்ளே ஓர் அலுமினியத் தகட்டை வைத்துச் சூட்டைப் பரப்பினாலே பெரும்பாலும் போதும்.

இப்போது கை. விறைப்புக்கும் வலிமைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுவிடுவோம்.

25 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் கொண்ட மைல்டு ஸ்டீல் பட்டை. நுனியில் 20 நியூட்டன். கையின் அடியில் வரும் தகைவு (ஒரு பரப்பின் மேல் விழும் விசை) 90 மெகாபாஸ்கல். மைல்டு ஸ்டீலின் யீல்டு மதிப்பு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 250. ஆக, உடைவதற்கோ நிரந்தரமாக வளைவதற்கோ வாய்ப்பில்லை. ஆனால் நுனி 6.4 மி.மீ. கீழே இறங்கி நிற்கும், காற்றடித்தால் ஆடும். சென்சாருக்கு அது ஆகாது. பலர் இங்கே "இன்னும் உறுதியான ஸ்டீல் போடலாம்" என்று 700 மெகாபாஸ்கல் யீல்டு உள்ள கிரேடுக்குப் போவார்கள். விலை ஏறும், நுனி அதே 6.4 மி.மீ. இறங்கும். காரணம், வளைவைத் தீர்மானிப்பது யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண். மலிவான ஸ்டீலோ விலையுயர்ந்த ஸ்டீலோ, அது 190 முதல் 210 ஜிகாபாஸ்கலுக்குள்தான் இருக்கும். வெப்பப் பதப்படுத்தினாலும் அது மாறாது.

அலுமினியத்துக்குப் போனால்? அதன் குணகம் 70, ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. அடர்த்தியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு: 2.7, ஸ்டீலுக்கு 7.85. குணகத்தை அடர்த்தியால் வகுத்தால் ஸ்டீல், அலுமினியம், டைட்டானியம், மெக்னீசியம் நான்குமே 25, 26 என்று ஒரே இடத்தில் வந்து நிற்கும். நேராக இழுக்கப்படும் கம்பிக்கு அலுமினியம் போட்டு, விறைப்பு குறையாமல் எடையைக் குறைத்துவிட முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. வளையும் பட்டைக்குக் கதை வேறு. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏறுவதால், 4 மி.மீ. ஸ்டீலுக்கு ஈடாக 5.8 மி.மீ. அலுமினியம் போதும். எடை பாதியாகிவிடும்.

ஆனால் இந்தக் கைக்கு நான் மெட்டீரியலைத் தொடவே மாட்டேன். 2 மி.மீ. ஸ்டீல் தகட்டை 25 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம் கொண்ட ப வடிவ சேனலாக மடித்தால் குறுக்கு வெட்டுப் பரப்பு 102 சதுர மி.மீ.; பழைய பட்டையில் 100. எடை கிட்டத்தட்ட அதேதான். வளைவு விறைப்போ 16 மடங்கு. நுனி இறக்கம் 6.4லிருந்து 0.4 மி.மீட்டருக்கு வந்துவிடும். மலிவான ஸ்டீல், ஒரு பிரேக் பிரஸ் (தகடு மடிக்கும் இயந்திரம்), இரண்டு மடிப்பு. திறந்த சேனல் முறுக்குக்கு மட்டும் சொத்தை என்பது நினைவிருக்கட்டும். சென்சார் கையின் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தொங்கினால் சதுரக் குழாய் வாங்கிவிடுங்கள்.

மடிப்பு என்று சொன்னதால் ஒன்று. அலுமினியத் தகட்டை மடிக்க நினைப்பவர்கள் 6061-டி6 (வெப்பப் பதப்படுத்தி உறுதியாக்கிய கிரேடு) என்று எழுதிவிடுகிறார்கள், அதிகம் கேள்விப்பட்ட கிரேடு என்பதால். இறுக்கமான ஆரத்தில் மடித்தால் அது மடிப்புக் கோட்டிலேயே விரிசல் விடும். மடிக்க வேண்டியதற்கு 5052. 6061-டி6-ஐ வெல்டிங் செய்தாலும், வெல்டை ஒட்டிய பகுதி பதத்தை இழந்து வலிமையில் பெரும்பங்கு போய்விடும்.

இனி பெட்டிக்கான பிளாஸ்டிக். ஏபிஎஸ் உள்ளறைக்கு அருமையான பொருள், வெளிச்சுவருக்கு ஆகாது. அதன் தாங்குதிறனே உள்ளிருக்கும் பியூட்டாடையீன் ரப்பரால்தான். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் முதலில் தாக்குவதும் அந்த ரப்பரைத்தான். மஞ்சளாகும், மேற்பரப்பு நொறுங்கும், அங்கே தொடங்கும் நுண்விரிசல் ஒரு சிறு அடியில் உள்ளே ஓடிவிடும். அதே குடும்பத்து ஏஎஸ்ஏ, அந்த ரப்பருக்குப் பதில் அக்ரிலேட் ரப்பரைக் கொண்டது, வெயிலைத் தாங்கும். பாலிகார்பனேட் அடியைத் தாங்குவதில் இவற்றைவிட மேல். வெளியில் வைக்கப் போகிறோம் என்றால் புற ஊதாத் தடுப்பு சேர்த்த கிரேடு என்று கேட்டு வாங்க வேண்டும்.

பாலிகார்பனேட் என்றதும் சுத்தியலால் அடித்துக் காட்டும் வீடியோக்கள்தான் நினைவுக்கு வரும். அது உண்மைதான். ஆனால் இதே பிளாஸ்டிக் ஒரு துளி எண்ணெயில் தானாக வெடிக்கவும் செய்யும். தகைவோடு இருக்கும் பாலிகார்பனேட்டில் பொருந்தாத திரவம் பட்டால், அது பிளாஸ்டிக்கைக் கரைக்காது, நிறத்தை மாற்றாது. தகைவு இருக்கும் இடத்தில் மட்டும் மெல்ல விரிசலைத் திறந்துவிடும். தொழிற்சாலையில் நன்றாக இருந்த பெட்டி மூன்று மாதம் கழித்து ஸ்க்ரூ பாஸில் (திருகு இறங்கும் பிளாஸ்டிக் தூணில்) பிளந்து திரும்பி வரும். வழக்கமான குற்றவாளிகள் இவை: திருகு கழலாமல் இருக்க விடும் காற்றில்லா இறுகு பசை, பித்தளை இன்ஸர்ட்டில் (திருகுக்காகப் பிளாஸ்டிக்கில் பதிக்கும் இழைக் குழாயில்) கழுவாமல் விட்ட வெட்டு எண்ணெய், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், பிவிசி ஒயரிலிருந்தோ குரோமெட்டிலிருந்தோ (ஒயர் நுழையும் துளையில் போடும் வளையம்) கசியும் மென்மையாக்கி. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. திரவம் எதுவுமே படவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். விரிசல் சரியாக ஒயர் நுழையும் துளையில் இருக்கும்.

இதைச் சோதிக்க லேப் வேண்டியதில்லை. 3 மி.மீ. தடிமன் கொண்ட அதே கிரேடு துண்டுகளை 150 மி.மீ. ஆரமுள்ள வளைந்த கட்டையின் மேல் வளைத்து இரு முனையையும் கிளாம்ப் செய்யுங்கள். தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் 1 சதவீத நீட்சி வெளிப்பரப்பில் இருக்கும். அங்கே உங்கள் பசை, எண்ணெய், துடைப்பான், கேஸ்கெட் துண்டு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துண்டில் தடவி ஒரு வாரம் விடுங்கள். எதுவும் தடவாத துண்டு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவும் வெடித்தால் கோளாறு திரவத்தில் இல்லை, மோல்டிங்கில் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்ப்பதில்). தினமும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், முடி போன்ற கோடுகள் தெரியும்.

மோல்டிங்கில் என்ன கோளாறு? ஈரம். பாலிகார்பனேட் குருணையை 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் மோல்டு செய்தால் நீர் அந்தச் சூட்டில் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிவிடும். பல சமயம் பரப்பில் வெள்ளிக் கீற்று தெரியும், தெரியாமலும் இருக்கலாம். டேட்டா ஷீட்டில் உள்ள தாங்குதிறன் அந்தப் பெட்டியில் இருக்காது. கூரான உள்மூலையும் இதே வேலையைச் செய்யும். பாலிகார்பனேட்டுக்குக் கூர்மையான வெட்டு என்றாலே ஆகாது. உள்மூலை ஆரம் சுவர்த் தடிமனில் பாதியாவது இருக்கட்டும். ரிப் (சுவருக்கு விறைப்பு தரும் உள்விலா) தடிமன் சுவரில் 50 முதல் 60 சதவீதம். அதற்கு மேல் போனால் வெளிப்பக்கம் குழி விழும்.

நைலான் பற்றியும் கேட்பீர்கள், கிளிப்புக்கும் கீலுக்கும். நைலான் 6 ஈரத்தை உறிஞ்சும்: சாதாரண அறைக் காற்றில் 2.5 முதல் 3 சதவீதம், நீரில் ஊறினால் 9 வரை. அளவு பெருக்கும், விறைப்பு பாதிக்கும் கீழே போகலாம். டேட்டா ஷீட்டில் இரண்டு நெடுவரிசை இருக்கும், உலர்ந்த நிலை, ஈரம் ஏறிய நிலை என்று. விற்பனையாளர் காட்டுவது முதலாவது; கருவி வாழப்போவது இரண்டாவதில். ஸ்னாப் ஃபிட் (அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் கிளிப்) எப்போதும் வளைந்த நிலையிலேயே நிற்குமாறு வடிவமைத்தால் எந்த பிளாஸ்டிக்கும் மெல்லத் தளரும். கிளிப் உள்ளே விழுந்ததும் நேராகிவிட வேண்டும். தொடர்ந்து சுமை தாங்கும் பிளாஸ்டிக் பாகத்துக்கு யீல்டு மதிப்பில் கால்பங்கை எல்லையாக வைத்துத் தொடங்குங்கள். டேட்டா ஷீட் எண் சில நிமிடச் சோதனையில், 23 டிகிரியில் எடுத்தது. உங்கள் பெட்டி பல ஆண்டுகள், வெயிலில்.

பொருள்கள் தனித்தனியே நன்றாக இருந்து, சேரும் இடத்தில் தகராறு செய்வது இன்னொரு வகை. 400 மி.மீ. பாலிகார்பனேட் மூடியை அலுமினிய அடிப்பகுதியில் திருகினீர்கள் என்று வைப்போம். பாலிகார்பனேட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 67 மைக்ரான் நீளும், அலுமினியம் 23, ஸ்டீல் 12. இரவுக்கும் வெயிலுக்கும் இடையே பெட்டி 50 டிகிரி மாறினால் மூடிக்கும் அடிக்கும் நீள வேறுபாடு 0.88 மி.மீ. நடுவிலிருந்து இரு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு 0.44. எம்4 திருகுக்கு 4.5 மி.மீ. துளை போட்டால் பக்கத்தில் இருப்பது 0.25 மி.மீ. இடைவெளி. மூடி திருகில் முட்டித் தினமும் ஒரு முறை துளையைத் தள்ளும். ஒரு மூலையில் மட்டும் சரியளவுத் துளை, மற்றவை நீள்துளை, அகன்ற வாஷர்: இவ்வளவுதான் தீர்வு. தலை கூம்பான திருகு மட்டும் வேண்டவே வேண்டாம். அது துளையைப் பிளக்கும் ஆப்பு.

உலோகமும் உலோகமும் சேரும்போது பரப்பளவைப் பாருங்கள். அலுமினியத் தகட்டில் நான்கு ஸ்டெயின்லெஸ் திருகு என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அரிபடும் அலுமினியம் பெரியது, அரிக்கத் தூண்டும் ஸ்டெயின்லெஸ் சிறியது. தலைகீழாக, ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரமே கரைந்துவிடும். பெயின்ட் அடித்துக் காக்க நினைத்தால் அலுமினியத்துக்கு மட்டும் அடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவியும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் சேர்த்தே அடியுங்கள். கடலோரம் போகும் கருவிக்கு 304 போதாது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 உப்புக் காற்றில் புள்ளியரிப்பைக் கூடுதலாகத் தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் முடுக்கும்போதே ஒட்டிக்கொள்ளும் பழக்கமுள்ளவை, இழைக்கு மசகு தேவை.

கேஸ்கெட்டுக்கு ஈபிடிஎம் ரப்பர் அல்லது சிலிகான். ஈபிடிஎம் மழைக்கும் வெயிலுக்கும் நல்லது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். ரப்பருக்கு டேட்டா ஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அமுக்கி வைத்த பின் எவ்வளவு மீண்டு வருகிறது என்ற எண். குளிரில் அது இன்னும் முக்கியம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் அழிந்ததற்குக் காரணம், ராக்கெட் இணைப்பிலிருந்த ஓ-ரிங் அன்றைய குளிரில் விறைத்துப்போய், திறந்த இடைவெளியை உடனே நிரப்ப முடியாமல் நின்றதுதான். அமுக்கத்தைத் திருகின் முடுக்கத்திடம் விடாதீர்கள். மூடி அடிப்பகுதியில் முட்டி நிற்கும்போது கேஸ்கெட் 25 சதவீதம் அமுங்கியிருக்குமாறு பள்ளத்தின் ஆழத்தை வையுங்கள்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். 100 பெட்டிக்கு மோல்டு செய்யாதீர்கள். இந்த அளவில் பாலிகார்பனேட் பெட்டிகள் தயாராகவே கிடைக்கும். வாங்கித் துளை போடுங்கள். அந்த நூறும் ஒரு மழைக்காலம், ஒரு கோடை வெளியில் நின்றால் எது கெடுகிறது என்று தெரிந்துவிடும். 3டி பிரின்ட் மாதிரியை வைத்து அளவும் கைக்கு வரும் விதமும் பார்க்கலாம். உறுதியையோ வெயில் தாங்குவதையோ பார்க்க முடியாது. அடுக்கு அடுக்காகப் படிந்த பாகம் அடுக்குகளுக்கு இடையே பிரியும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு பொருள்.

5,000க்கு இன்ஜெக்ஷன் மோல்டிங். அந்தக் கட்டத்தில் மெட்டீரியல் முடிவு இரும்பில் வெட்டிய மாதிரிதான், சொல்லப்போனால் நிஜமாகவே: பொருள் குளிரும்போது சுருங்கும் அளவுக்கு ஏற்பத்தான் அச்சை வெட்டுவார்கள். ஏபிஎஸ் சுமார் 0.5 சதவீதம் சுருங்கும், பாலிகார்பனேட் 0.5 முதல் 0.7; பாலிபுரொப்பிலீன் 1 முதல் 2.5. ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய மோல்டில், விலை குறைகிறதே என்று பாலிபுரொப்பிலீனை ஊற்றினால் 400 மி.மீ. பெட்டி நான்கு மி.மீ. வரைக்கும், ஏன் அதற்கு மேலும் குறைந்து வரும், கூடவே முறுக்கிக்கொள்ளும். கிலோ விலையைப் பார்த்து முடிவெடுப்பதும் ஏமாற்றும். மோல்டில் குளிரும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏறும்: 2 மி.மீ. சுவரை 3 ஆக்கினால் 2.25 மடங்கு. மலிவான பிளாஸ்டிக்கைத் தடிமனாகப் போடுவதைவிட, விலை கூடிய பிளாஸ்டிக்கை ரிப் வைத்து மெல்லியதாகப் போடுவது பல நேரம் மொத்தத்தில் மலிவு.

தீப்பிடிக்கும் தன்மைக்கு யுஎல் 94 வி-0 (தீ தானே அணைகிறதா என்று பார்க்கும் தரம்; வி-0, வி-2-ஐவிடக் கண்டிப்பானது) கேட்டிருந்தால் தடிமனோடு சேர்த்துப் படியுங்கள். 3 மி.மீட்டரில் வி-0 பெற்ற கிரேடு 1.5 மி.மீட்டரில் வி-2 ஆக இருக்கலாம். உங்கள் சுவரின் மிக மெல்லிய இடம் எதுவோ, அந்தத் தடிமனுக்கு உள்ள மதிப்புதான் கணக்கு.

ஆக, என் தேர்வு: பெட்டிக்கும் மூடிக்கும் புற ஊதாத் தடுப்புள்ள பாலிகார்பனேட், சுவர் 2.5 மி.மீ., வெளிர் நிறம். அடிப்பகுதியையும் பிளாஸ்டிக்காகவே வைத்தால் நீட்சித் தகராறே இல்லை. அடி படாத இடம் என்றால் ஏஎஸ்ஏ போதும், எண்ணெய்த் தொல்லையும் குறையும். கைக்கு 2 மி.மீ. ஸ்டீல் சேனல், மடித்து, துளை போட்ட பிறகு ஹாட் டிப் கால்வனைசிங். முதலிலேயே கால்வனைஸ் செய்த தகட்டை வெட்டினால் விளிம்பு திறந்துகிடக்கும். திருகுகள் 316, வாஷரோடு. கேஸ்கெட் சிலிகான். உள்ளே ஓர் அலுமினியப் பரப்பித் தகடு. பெட்டியின் கீழ்ப்பக்கம் காற்று போகும், நீர் போகாத மென்படல வென்ட் ஒன்று. முழுக்க அடைத்த பெட்டி மழை பட்டுத் திடீரென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் இறங்கி, கேஸ்கெட் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

வரைபடத்தில் "பாலிகார்பனேட், வெள்ளை" என்று எழுதி அனுப்பாதீர்கள். தயாரிப்பாளர் பெயர், கிரேடு எண், நிற எண், திரும்ப அரைத்த பிளாஸ்டிக் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம் (இந்தப் பெட்டிக்கு நான் பூஜ்யம் என்று எழுதுவேன்), உலர்த்தும் வெப்பநிலையும் நேரமும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்ற வரி: இவ்வளவும் இருக்க வேண்டும். "அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்களைச் சேர்த்தால், இணையானது எது என்பதை உங்களுக்குப் பதில் பர்ச்சேஸ் துறை முடிவு செய்யும்.